நாற்பத்தொன்றாம் பேட்ச்

சொட்டண்ணன் இறந்து மூன்று மாதம் ஆகியும் அவர் செய்து வைத்த புரதத்தில்தான் செல்கள் பிழைத்தன. நான் செய்ததில் எல்லாம் செத்துப்போயின.

எங்கள் பிரிவில் அண்ணனும் நானும் இரண்டே பேர். மனித உடம்பில் நரம்பு செல்கள் பட்டுப்போகாமல் காப்பாற்றும் ஒரு புரதம் இருக்கிறது. அதற்கான மரபணுவை பாக்டீரியாவுக்குள் ஏற்றி, குடுவை குடுவையாக வளர்த்து, அந்த பாக்டீரியாவை உடைத்து, அதிலிருக்கும் ஆயிரம் சரக்கில் இந்த ஒரு புரதத்தை மட்டும் பிரித்தெடுத்து, சின்னக் குப்பிகளில் அடைத்து உறைய வைப்பது எங்கள் வேலை. அது மருந்து இல்லை, யாருக்கும் ஊசி போடுவதில்லை. கண்ணாடித் தட்டுகளில் செல் வளர்க்கும் ஆராய்ச்சிக் குழுக்கள் வந்து வாங்கிப்போவார்கள். குப்பியோடு ஒரு சீட்டு கொடுப்போம். அதில் முதல் வரி, ‘வேறெந்தப் புரதமும் கலக்காதது.’

பிரித்தெடுக்கும் வேலை குளிரறையில் நடக்கும். நாலு டிகிரி. கண்ணாடிக் குழாயிலிருந்து திரவம் சொட்டுச் சொட்டாக விழும். பக்கத்துப் பிரிவுக்காரர்களும் நானும் இயந்திரத்தை ஓடவிட்டு வெளியே வந்து டீ குடிப்போம். அண்ணன் மட்டும் ஒரு பழைய ரெக்ஸின் ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு சொட்டையும் பார்த்துக்கொண்டிருப்பார். அப்படி வந்த பெயர்தான் சொட்டண்ணன். இயக்குநர்கூட மீட்டிங்கில் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காய்கறிப் பையோடு மாடிப்படி ஏறும்போது மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஐம்பத்திரண்டு வயது. திங்கட்கிழமை காலையில் நான் போனபோது, வெள்ளிக்கிழமை அவர் கழுவிக் கவிழ்த்து வைத்த பீக்கர்கள் அப்படியே காய்ந்திருந்தன.

அவர் கடைசியாகச் செய்த பேட்ச் நாற்பத்தொன்று. நானூறு குப்பி. அவர் இருக்கும்போதே தொடங்கி ஒரு வருஷத்துக்கு மேல் அதை வைத்தே ஓட்டினோம். தீரும் நேரத்தில் நான் நாற்பத்திரண்டைச் செய்தேன். அவர் எழுதி வைத்த முறை, அதே குழாய், அதே உப்புக் கரைசல், அதே குப்பி. சோதித்துப் பார்த்தபோது, வேறு புரதம் இல்லை என்று காட்டும் நீலக் கோடு ஒன்றே ஒன்று, சுத்தமாக விழுந்தது. குப்பியில் அடைத்துக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள், எங்களிடம் குப்பி வாங்கும் செல் அறை டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார்.

“நீயே பாரு” என்று மைக்ராஸ்கோப்பை விட்டு நகர்ந்தார்.

இடது தட்டில் அண்ணனுடைய புரதம். செல்கள் வேர் விட்டு ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. வலது தட்டில் என்னுடையது. எல்லாம் சுருங்கி, கடுகு கொட்டிய மாதிரி.

“கை நடுங்கிச்சோ என்னவோ. இன்னொரு தடவ பண்ணு” என்றார் அவர். கோபமில்லாமல்தான் சொன்னார்.

நாற்பத்துமூன்றைச் செய்தேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்தேன். அதுவும் கடுகு.

“அவருக்குக் கை ராசிம்மா” என்றார் கண்ணாடி கழுவுகிற அக்கா.

“கை ராசின்னு ரிப்போர்ட்ல எழுத முடியாது” என்றார் இயக்குநர்.

நாற்பத்தொன்றில் அப்போது மிச்சம் பதினொரு குப்பி. ‘இனி இதை யாருக்கும் கொடுக்காதே, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்’ என்று உத்தரவு வந்தது.

அதற்குப் பிறகுதான் எனக்கு ஏதோ ஆகத் தொடங்கியது. எங்கள் பிரிவின் நான்காம் பெட்டி, மைனஸ் எண்பதில் இருக்கும் ஆளுயர உறைபெட்டி. தினமும் பதினொரு மணி வாக்கில் நான் போய் அதைத் திறப்பேன். காரணம் எதுவும் இருக்காது. வெள்ளைப் புகை முகத்தில் அடிக்கும். இரண்டாம் தட்டை இழுத்து, அட்டைப்பெட்டி மூடியைத் தூக்கி, அந்தப் பதினொரு குப்பியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒவ்வொன்றின் மேலும் அவருடைய கையெழுத்து. கறுப்பு மை, நாலை எழுதும்போது மேலே மூடாமல் விட்டுவிடுவார். ‘என்ன பண்ணீங்க? எதைச் சொல்லாம விட்டீங்க?’ என்று மனசுக்குள் கேட்பேன். விரல் மரத்துப்போகும் வரை நிற்பேன். வேறு யாராவது அந்தக் கதவை அவ்வளவு நேரம் திறந்து வைத்திருந்தால் நானே சண்டைக்குப் போயிருப்பேன்.

குளிரறையில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு தடித்த கோட்டு தொங்கும். அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் தோளில் ஆள் கை வைத்த மாதிரி கனக்கும். மின்விசிறி சத்தத்துக்கு நடுவே யாரோ தொண்டையைச் செருமுவார்கள். மின்விசிறிதான் என்று தெரியும். தெரிந்தும் ஒருநாள் “இதோ வந்துட்டேண்ணே” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். சொட்டு விழும் வேகத்தை அவர் வைத்த அளவில்தான் வைத்திருந்தேன். ஆனால் ஏழெட்டு சொட்டுக்கு ஒரு தடவை ஒன்று தாமதிக்கும். யோசித்து விழுவது போல.

வீட்டில் இதைச் சொன்னால் என் கணவர், “நாலு நாள் லீவு போடு” என்றார். அதற்கு மேல் அவரிடம் என்ன சொல்வது?

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வாசலில் என்னைப் பார்க்க ஆள் வந்திருப்பதாகக் காவலர் போன் செய்தார். போனால் சொட்டண்ணனின் மனைவி. சாவு வீட்டில் பார்த்த பிறகு இப்போதுதான் பார்க்கிறேன். பார்வையாளர் அறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். கையில் இரண்டு போன். ஒன்று அண்ணனுடையது. மூலை உடைந்த அந்த நீல உறையை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும்.

“வாங்கண்ணி” என்றேன்.

“அண்ணின்னு கூப்பிட வேண்டாம்.”

எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“இந்த நம்பருக்கு தினமும் இங்கேருந்து போன் வருது” என்றார். “பதினொன்னு, பதினொன்னே காலுக்கு. ஞாயித்துக்கிழமை வராது. லீவு நாள்ல வராது. எடுத்தா மிஷின் பேசுது. ‘பெட்டி நாலு. வெப்பநிலை மைனஸ் அறுபத்தஞ்சு.’ அவ்வளவுதான். அப்புறம் கட் ஆயிடுது.”

பெட்டி சூடேறினால் பொறுப்பாளரை அழைக்கும் ஏற்பாடு அது. பட்டியலில் முதல் நம்பர் அண்ணனுடையது, இரண்டாவது என்னுடையது. முதல் நம்பரில் யாராவது எடுத்துவிட்டால் இரண்டாவதற்கு வராது. அவர் இறந்த பிறகு அந்தப் பட்டியலை மாற்ற எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

“முதல் நாள் பயந்துட்டேன். செத்தவரைத் தேடிப் பெட்டி கூப்பிடுதேன்னு” என்றார். “அப்புறம் பழகிடுச்சு. சமையலை முடிச்சிட்டுப் போனைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். அவர் ஆபீஸ்லேருந்து ஆள் விசாரிக்கிற மாதிரி இருக்கும். ஒருநாள் வரலைன்னா அன்னிக்குச் சாப்பாடு இறங்காது.” போனை மடியில் வைத்தார். “அந்தப் பெட்டியை தினமும் திறக்கறது யாரு?”

மென்று விழுங்கிப் பயனில்லை. “நான்தான்” என்றேன்.

“எதுக்கு?”

“அவர் செஞ்ச குப்பி பதினொன்னு உள்ள இருக்கு. பார்ப்பேன்.”

“பார்ப்பீங்களா? சும்மாவா?”

“சும்மாதான்.”

அவர் என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார்.

“போன வருஷம், என் பொண்ணு பள்ளிக்கூடக் கடைசிப் பரீட்சை எழுதின வாரம். சாயங்காலம் வந்தவர் செருப்பைக்கூடக் கழட்டாம வாசல்படியில உக்காந்துட்டாரு. ‘ஒரு தப்பு பண்ணிட்டேன். வெளிய சொல்ல முடியாத தப்பு. என்னன்னு கேக்காதே’ன்னாரு. நான் கேக்கல. அதுக்கப்புறம் ஒரு வருஷம் அவர் எனக்கு முகம் கொடுத்துப் பேசல. சாப்பிடுவாரு, தூங்குவாரு, பொண்ணுகிட்ட சிரிப்பாரு. என்னைப் பார்த்தா தலையைக் குனிஞ்சுக்குவாரு. அப்படியே போய்ச் சேர்ந்துட்டாரு.” போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதை அணைக்காம வச்சிருக்கேனே, எதுக்குன்னு நினைக்கிறீங்க? அந்தத் தப்பு ஒருநாள் கூப்பிடும்னுதான். மூணு மாசமா காத்திருந்ததுக்கு இப்ப பெட்டிதான் கூப்பிடுது.”

பிறகு குரலை உயர்த்தாமல் கேட்டார். “எட்டு மணி நேரம் ஒரே ரூம்ல ரெண்டு பேரும் இருந்தீங்க. அது நீங்களா?”

அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. “சத்தியமா இல்ல. அவரை நான் கூடப்பிறந்தவரா நினைச்சேன்” என்றேன். சொல்லும்போதே அது பொய் போல ஒலித்தது. அப்படிக் கேட்டால் யாராக இருந்தாலும் அதைத்தானே சொல்வார்கள்?

“சரி” என்று எழுந்தார். நம்பினாரா என்று தெரியவில்லை. கதவருகே நின்று, “பெட்டி நம்பரை மாத்திடாதீங்க. நானா சொல்ற வரைக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேலே வந்து பேட்ச் பதிவேட்டைத் திறந்தேன். அவர் சொன்ன வாரத்தைத் தேடினேன். தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அந்த வாரம்தான் நாற்பத்தொன்று குப்பியில் அடைக்கப்பட்டிருந்தது.

ஒவ்வொரு படியாக அவருடைய எழுத்து. கடைசிப் படி, ‘குப்பியில் நிரப்புதல்’. அதற்கு எதிரே செய்தவர் கையெழுத்து அவருடையது. சரிபார்த்தவர் கையெழுத்து என்னுடையது.

அந்தச் சாயங்காலம் நினைவுக்கு வந்தது. என் மகனைப் பள்ளியிலிருந்து கூட்டிவர நேரமாகிவிட்டதென்று பையை மாட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தேன். அண்ணன் குளிரறைக் கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

“தங்கச்சி, ஒரு நிமிஷம் இருக்கியா? உள்ள வாயேன், ஒண்ணு காட்டணும்.”

“நாளைக்குண்ணே. கையெழுத்து போடணும்னா குடுங்க, போட்டுட்டுப் போறேன்.”

அவர் ஏட்டை நீட்டினார். சுவரில் வைத்து எழுதினேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, “சரி, பார்த்துப் போ” என்றார். மறுநாள் நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பார்க்காமலே பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என்ன பார்க்காமல் விட்டேன் என்பதுதான் தெரியவில்லை.

எங்கள் சோதனையெல்லாம் குப்பியில் அடைப்பதற்கு முன்னால் நடப்பது. அடைத்த பிறகு யாரும் சோதிப்பதில்லை. கைக்கு வந்ததைச் செலவழிப்பானேன் என்று விட்டுவிடுவோம். இயக்குநரிடம் கேட்காமல் பதினொன்றில் ஒன்றை எடுத்தேன். ஐஸில் வைத்து உருகவிட்டேன். பக்கத்தில் என்னுடைய குப்பி ஒன்று. இரண்டையும் ஜெல்லில் ஏற்றி மின்சாரம் கொடுத்தேன். சின்னப் புரதம் கீழே ஓடும், பெரியது மேலேயே நிற்கும். ஒரு மணி நேரம் கழித்து நீலச் சாயத்தில் போட்டு, கழுவக் கழுவப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்னுடையதில் கீழே கோடு இருக்க வேண்டிய இடம் கிட்டத்தட்ட வெறுமையாக இருந்தது. அடைக்கும் முன் அங்கே இருந்தது குப்பிக்குள் போனதும் காணாமல் போயிருந்தது. அண்ணனுடையதில் கீழே மெல்லிய கோடு தெளிவாக நின்றது. மேலே, எதுவுமே இருக்கக் கூடாத இடத்தில், கட்டைவிரல் தடிமனுக்கு இன்னொரு நீலம்.

ஆல்புமின். மாட்டு ரத்தத்திலிருந்து எடுக்கும் சாதாரணப் புரதம். எந்த ஆய்வகத்திலும் அலமாரியில் தூளாக, டப்பா டப்பாவாக இருக்கும்.

போன வருஷம் குழுக்கள் எல்லாம் கேட்டுக்கொண்டதால் குப்பிகளைச் சிறியதாக்கி, புரதத்தை நீர்க்கக் கரைத்து அடைக்கத் தொடங்கியிருந்தோம். அவ்வளவு நீர்த்த நிலையில் புரதம் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொண்டுவிடும். ஒட்டாத குப்பி என்று விற்றவர்கள் சொன்னதை நம்பினோம். அண்ணனுக்கு அது தெரிந்திருக்கிறது. ஆல்புமின் கொஞ்சம் கலந்தால் சுவரில் அது போய் ஒட்டிக்கொள்ளும், நம் புரதம் தப்பிக்கும். கலந்திருக்கிறார். சீட்டில் ‘வேறெந்தப் புரதமும் கலக்காதது’ என்று அச்சடித்தாகிவிட்டது, குழுக்கள் வாசலில் நின்றன. என்னைக் கூப்பிட்டுக் காட்ட நினைத்திருக்கிறார். நான் ஓடிவிட்டேன்.

அன்று மாலை நேராக அவர் வீட்டுக்குப் போனேன். மகள் கதவைத் திறந்தாள். அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே போனில் எடுத்த ஜெல் படத்தைக் காட்டினேன். எனக்குத் தெரிந்த எளிய வார்த்தையில் எல்லாவற்றையும் சொன்னேன், என் கையெழுத்து உட்பட.

அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். “இந்த நீலமா?”

“ஆமா.”

“இதுவா அவர் சொன்ன தப்பு?”

“அந்த வாரம் வேற எதுவும் நடக்கல. தேதியும் அதுதான்.”

“இதனால யாராவது செத்தாங்களா?”

“இல்ல. ஆனா டாக்டரம்மாவோட ஒன்றரை வருஷ வேலை வீணாப் போகலாம். கலப்பில்லாததுன்னு நம்பித்தான் அவங்க கணக்குப் போட்டிருக்காங்க.”

அவர் சிரித்தார். முதலில் மூக்கு வழியாக, பிறகு வாய்விட்டு. மடித்த துணியெல்லாம் மடியிலிருந்து சரிந்தது. மகள் பயந்து ஓடிவந்தாள். சிரிப்பு எங்கே அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை.

“ஒரு சொட்டுத் தண்ணிக்கு! ஒரு டப்பாத் தூளுக்கு! ஒரு வருஷம் நான் பைத்தியம் மாதிரி அவர் சட்டைப்பையெல்லாம் தேடினேன். சட்டையை மோந்து பார்த்தேன். சாகறப்பகூட, அந்தப் படியில, மனசுக்குள்ள ஒரு மூலையில ‘இப்பவாவது சொல்லு’ன்னு நினைச்சேன். அந்த நேரத்துல போய் அதை நினைச்சேன்.” என் கையைப் பிடித்துக்கொண்டார். “சொல்லியிருந்தா என்ன? எனக்குப் புரியாதுன்னு நினைச்சாரா?”

கூப்பிட்ட அன்றைக்கு நான் உள்ளே போயிருந்தால் எங்கள் மூன்று பேருக்கும் இது நேர்ந்திருக்காது என்று மட்டும் தோன்றியது. அதை அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

மறுநாள் இயக்குநரிடம் சொன்னேன். அவர் வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு எல்லாக் குழுக்களுக்கும் கடிதம் போனது. நாற்பத்தொன்றில் ஆல்புமின் இருக்கிறது, பதிவில் அது விடுபட்டிருக்கிறது, செய்தவர் இவர், சரிபார்த்தவர் இவர். இரண்டு பேரும் இருந்தே ஆக வேண்டும் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். ஆறு மாதத்துக்கு எந்தப் பதிவிலும் நான் கையெழுத்திடக் கூடாது என்றார்கள். ஆல்புமின் கலந்து, சீட்டில் அதை எழுதியும் கொடுத்த நாற்பத்துநான்கில் செல்கள் வேர் விட்டன.

டாக்டரம்மா மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் வராந்தாவில் நிறுத்தி, “பாதி வேலை தப்பிச்சுது. மீதியைத் திரும்பப் பண்ணணும்” என்றார். “அவர் வந்து என் காதுல ஒரு வார்த்தை போட்டிருந்தா நானே ஆல்புமின் போடுங்கன்னு சொல்லியிருப்பேன். அதை நினைச்சாத்தான் ஆறல.”

அடுத்த மாதம் அண்ணி வந்தார். இந்தத் தடவை நான் அப்படிக் கூப்பிட்டதற்கு ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியின் பட்டியலிலிருந்து நம்பரை எடுத்துவிடலாம் என்றார். எடுத்தோம். பிறகு, “அவர் உக்காந்த இடத்தைப் பார்க்கணும்” என்றார்.

அவருக்குக் கோட்டைப் போட்டுவிட்டுக் குளிரறைக்குள் கூட்டிப்போனேன். அவர் குழாயை, குப்பிகளை, ரெக்ஸின் கிழிந்த ஸ்டூலை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“கதவைச் சாத்திட்டு நீங்க வெளிய இருங்க. கொஞ்ச நேரம்.”

“ரொம்பக் குளிரும் அண்ணி.”

“குளிரட்டும்.”

சாத்தினேன். ஒரு சாண் தடிமனுள்ள கதவு. உள்ளே இருப்பவர் எப்போது வேண்டுமானாலும் தள்ளித் திறக்கலாம். ஆனாலும் கைப்பிடியை விடாமல் வெளியே நின்றேன். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மின்விசிறி இரைச்சலுக்கு அடியில் அவர் குரல். வார்த்தை புரியவில்லை. திட்டுகிறார் என்பது மட்டும் தெரிந்தது. ஒரு வருஷத்துக்குச் சேர்த்து வைத்த திட்டு, மூச்சு விடாமல். நடுநடுவே நிறுத்துவார். எதிராளி பேசி முடிக்கட்டும் என்று நிறுத்துவது போலிருக்கும். மறுபடி தொடங்குவார்.

அப்படி ஒரு இடைவெளியில் நானும் கதவில் காதை வைத்தேன்.